ஊர் மாறித் தேடிய பெயர்

ரங்கூன்

சிங்கப்பூரில் ஞாயிறுதோறும் மதியம்வரை தூங்கும் பாக்கியம் பெற்ற மைத்துனன் ராபர்ட்டுக்கு, அத்தான் ஜெபதாஸ் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கு நானும் உன் அக்கா தெரேசாவும் சுகம். மின்சாரம்தான் வந்து வந்து போகிறது. உன் சுகத்துக்கும், உன் தொப்பை இதற்குமேல் வளராதிருக்கவும் ஜெபிக்கிறோம்.

விஷயம் இதுதான். இங்கிலாந்திலிருந்து டோரீன் என்று எழுபத்தெட்டு வயது அம்மையார் வந்திருக்கிறார். அவருடைய தாய்மாமன் லெஸ்லி பென்ஃபோல்டு இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டு போடும் விமானத்தின் வால் பக்கம் உட்கார்ந்து துப்பாக்கி பிடித்தவர். இந்தப் பக்கம் பறந்து வந்த விமானம் திரும்பவில்லை. விமானமும் கிடைக்கவில்லை, இருபத்திரண்டு வயதுப் பிள்ளையும் கிடைக்கவில்லை. காணாமல் போனவர்களின் பெயர்களை இங்கே ஊருக்கு வெளியே தாக்கியான் யுத்தக் கல்லறைத் தோட்டத்துத் தூண்களில் வெட்டியிருப்பதாக யாரோ சொல்ல, தன் அம்மா சாகும்வரை பார்க்க ஆசைப்பட்ட பெயரைத் தானாவது பார்த்துவிடலாம் என்று கிளம்பி வந்துவிட்டார். எனக்கு இங்கிலீஷ் வரும் என்று நம்பி எங்கள் பங்குச் சாமியார் என்னைத் துணைக்கு அனுப்பினார். உன் அக்காவும் புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு காரில் ஏறிவிட்டாள்.

தூண்களைப் பார்த்ததும் என் இங்கிலீஷ் எல்லாம் அடங்கிவிட்டது. ஆயிரமாயிரம் பெயர்கள். ஆளுக்கொரு பக்கம் தேடினோம். உன் அக்கா, நீளமாக இருந்த ஒவ்வொரு பெயரையும், "ஏங்க, இவரா பாருங்க" என்று கூப்பிட்டுக் காட்டினாள். வெயிலில் கண் இருட்டும் நேரத்தில் எனக்கே ஒரு பென்ஃபோல்டு கிடைத்தார். கூவிவிட்டேன். அம்மையார் ஓடாத குறையாக வந்து, கண்ணாடியைப் போட்டு வாசித்து, "இவர் ஆர்தர். காலாட்படை" என்றார். எனக்குப் பூமி பிளக்கக்கூடாதா என்றிருந்தது. அவரோ கொண்டுவந்த பூவில் பாதியை ஆர்தருக்கு வைத்தார். "இவரைப் பார்க்க யாராவது வந்தார்களோ என்னவோ" என்றார்.

தோட்டத்தைப் பராமரிக்கும் கோ மின் அப்போதுதான் வந்து விசாரித்தார். "விமானப் படையா? இங்க தரைப்படைக்காரங்க பேருதான். விமானப் படையில கல்லறை இல்லாதவங்க பேரெல்லாம் சிங்கப்பூர்ல, கிராஞ்சி நினைவிடத்துல இருக்கு" என்றார். அம்மையார் மீதிப் பூவோடு புல்லில் உட்கார்ந்துவிட்டார். வரும் வழியில் சிங்கப்பூர் விமான நிலையத்தில் அரை நாள் காத்திருந்தாராம். "அவர் பெயர் இருக்கும் ஊரில் உட்கார்ந்து, கால் பிடித்துவிடும் மெஷினில் காலை நீட்டிக்கொண்டிருந்தேன்" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று.

உன் அக்கா அவர் முதுகைத் தடவி, "அழாதீங்கம்மா, என் தம்பி அங்கதான் இருக்கான்" என்று தமிழிலேயே சொன்னாள். நான் மொழிபெயர்க்கும்போது, தம்பி கிராஞ்சிக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறார், மிகவும் பொறுப்பானவர் என்று இரண்டு பொய் சேர்த்துவிட்டேன்.

திரும்பும் பயணத்தில் அவருக்கு அங்கே விமானம் மாறத்தான் நேரம். ஆகையால் வரும் ஞாயிறு நீ காலையிலேயே எழுந்து, கிராஞ்சிக்குப் போய், லெஸ்லியைக் கண்டுபிடித்து, பூ வைத்துப் படம் எடுத்து அனுப்பு. உன் கட்டைவிரல் படத்தில் விழ வேண்டாம். எங்கள் பேத்தியின் ஞானஸ்நானப் படங்களில் விழுந்தது போதும்.

ஆண்டவர் உன்னையும் உன் அலாரத்தையும் ஆசீர்வதிப்பாராக.

அன்புள்ள அத்தான்,
ஜெபதாஸ்

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடு. உன் அக்கா அம்மையாரைக் கியாக்டடாவில் இருக்கும் விமானக் கம்பெனி ஆபீசுக்கு அழைத்துப்போய் டிக்கெட்டை மாற்றிவிட்டாள். படம் போதாதாம், அந்தப் பெயரைத் தொட வேண்டுமாம். சனிக்கிழமை வருகிறார், உன் வீட்டில்தான் தங்குகிறார். பெயர் உயரத்தில் இருந்தால் அவருக்கு எட்டாது, ஒரு முக்காலி எடுத்துக்கொண்டு போ. ஏறப்போவது அவர். நீ கெட்டியாகப் பிடித்துக்கொள்.