யார் இந்தச் சுடலைச்செல்வி?

“அண்ணாச்சி, சுடலைச்செல்விங்கிறது யாரு?”

பற்பசை வாங்க வந்த சுதர்சனம் வாத்தியார் போனைப் பார்த்தபடி கேட்டார்.

“எந்தச் சுடலைச்செல்வி?” என்றார் பலசரக்குக் கடை செல்லப்பாண்டி.

“உங்க கடை ஸ்கேன் அட்டையில அந்தப் பேருதான் வருது. பேரைப் பாக்காம பணம் போடக் கூடாதுன்னு பிள்ளைகளுக்கே நான் சொல்லிட்டிருக்கேன். ராத்திரி எவனோ உங்க அட்டையை மாத்தி ஒட்டிட்டான், அண்ணாச்சி.”

அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்தார். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து தருவைகுளத்துப் படகுகள் கடலுக்குக் கிளம்பும் நாள். வருஷத்திலேயே பெரிய வியாபாரம் இன்றைக்குத்தான். அத்தனையும் எவளோ ஒருத்திக்கா?

“ஏளா!”

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தாள். ஊருக்கு அவள் பேபியக்கா, அவருக்கு ஏளா. போன வாரம் அட்டை ஒட்டிய அன்று அவர் மூட்டை இறக்கிக்கொண்டிருந்ததால், வங்கிக்காரரிடம் பேசியதெல்லாம் அவள்தான்.

“அன்னைக்கு யாரு பேரு வந்துச்சு?”

“சரியான பேருதான் வந்துச்சு.”

“இப்ப சுடலைச்செல்வின்னு வருதாம். எந்தக் களவாணிச் சிறுக்கியோ!”

அவள் முகம் சிறுத்துப்போனது. பயந்துவிட்டாள், பாவம் என்று நினைத்துக்கொண்டு அண்ணாச்சி அட்டையைச் சுரண்டிக் கிழித்தார். அடியில் வெறும் பலகைதான் இருந்தது.

“பாத்தியளா சார், நம்ம அட்டையையும் களவாண்டுட்டுப் போயிருக்கா!”

அடுத்து வந்த படகுக்காரர்கள், “கையில காசு இல்லையே” என்று எடுத்த சாமானை வைத்துவிட்டு, எதிர்க்கடை முத்துச்செல்வத்திடம் போனார்கள். அங்கே கூட்டம் சேரச் சேர, அண்ணாச்சிக்குப் பொறி தட்டியது. தெருவைத் தாண்டிப் போய் நின்றார்.

“ஏலே முத்துச்செல்வம்! சுடலைச்செல்வி ஒன் ஆளுதானல?”

“எனக்கு அப்படி யாரையும் தெரியாது வே. உமக்குத்தான் வேண்டியவளா இருக்கும். வீட்டுக்குத் தெரியாம யாருக்குப் பணம் அனுப்புதீரு?”

தெருவே சிரித்தது. அண்ணாச்சி திரும்பினார். கடை வாசலில் பேபி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“நெசமாவே அந்தப் பேர்ல யாரையும் தெரியாதா?”

“செந்தூர் முருகன் சத்தியமா தெரியாது! அப்படி ஒருத்தியை இந்த ஜென்மத்துல பாத்ததே இல்ல!”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

சந்தேகப்படுகிறாள்! வியாபாரம் போனது போதாதென்று இப்போது குடித்தனமும் ஆட்டம் கண்டுவிட்டது. இனி போலீஸ்தான் காப்பாற்ற வேண்டும் என்று அண்ணாச்சி கடையைப் பூட்டினார். வாத்தியாரைச் சாட்சிக்கும், பேபியை அவள் சந்தேகம் தீரட்டும் என்றும் ஆட்டோவில் ஏற்றினார்.

காவல் நிலையத்தில் ஏட்டம்மா விஜிலா, வாத்தியாரின் போனை வாங்கிப் பார்த்தார்.

“பேருக்குக் கீழ போன் நம்பரே கெடக்கே. கூப்பிட்டுப் பாப்போமா?”

“கூப்பிடுங்கம்மா! அவளைக் கம்பி எண்ண வைக்கணும்!”

விஜிலா எண்ணை அழுத்தினார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பேபியின் மஞ்சள் பைக்குள் போன் அடித்தது.

“ஏளா, மொதல்ல அதை அமத்து! அம்மா முக்கியமா பேசுதாவல்லா!” என்று அண்ணாச்சி சீறினார்.

பேபி நிதானமாகப் போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

“ஆமாங்கம்மா, சுடலைச்செல்விதான் பேசுதேன். எம்பேரை இவுக கல்யாணப் பத்திரிகையோட மறந்துட்டாவ.”