வாசற்படி தாண்டாத ஷூ

கல்கத்தாவில் தமிழ்ப் பண்பாடு இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது என்றால், அதற்கு முழுமுதற் காரணம் என் உள்ளங்கால்கள்தான். இதைத் தற்பெருமையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் தாத்தா காளிகாட்டில் குடியேறிய நாள் முதல் எங்கள் வீட்டு வாசற்படியை எந்தச் செருப்பும் தாண்டியதில்லை. வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்று பெஹாலா ஃப்ளாட்டுக்கு வந்தபின் அந்த 'மகத்தான பொறுப்பு' வெங்கடநாராயணனாகிய என்னிடம் வந்தது.

சர்க்கரை நோயால் என் பாதங்களில் உணர்ச்சி போய்விட்டது. வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கவே கூடாது, தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும் என்று கால் டாக்டர் மேக்னா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மெத்தென்று ஒரு விசேஷ ஷூவும் எழுதிக் கொடுத்தார். அதை நான் எவ்வளவு பயபக்தியோடு பராமரித்தேன் தெரியுமா? துடைத்துப் பெட்டியில் வைத்து, டாக்டரைப் பார்க்கப் போகும்போது மட்டும் அணிந்தேன்.

"ஏன்னா, ஆத்துக்குள்ளயும் அதைப் போட்டுண்டு நடங்கோளேன். கால் போயிடும்னு பயமா இருக்கு" என்றாள் என் மனைவி ஜலஜா.

பண்பாடு குறித்து அவளுக்கு ஒரு சிற்றுரை ஆற்றினேன்.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது, ஊர் வழக்கப்படி கிளினிக் வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. நானும் ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனேன். ஒரு கால் டாக்டருக்கு இதைவிட என்ன மரியாதை செய்ய முடியும்?

அவர் என் வலது பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். இடுக்கியை எடுத்து, சுண்டுவிரலடியிலிருந்து ஒரு டிராயிங் பின்னை உருவினார். "மேஷோமஷாய், இது எப்போ குத்தினது?" என்று மாமா முறை சொல்லி வங்காளியில் கேட்டார்.

தமிழ்ச் சங்கத்தின் நவராத்திரி அறிவிப்பைக் குத்த நான் வைத்திருந்த பின் அது. காணோம் என்று ஜலஜாவைத் திட்டித் தீர்த்திருந்தேன். கிடைத்துவிட்டதில் எனக்குப் பரம திருப்தி. சீழ் எலும்பு வரை போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னபோதுதான் பின்னை விட்டுப் பாதத்தைப் பார்த்தேன்.

மறுநாளே ஆபரேஷன். பாதம் தப்பியது, சுண்டுவிரல் போய்விட்டது.

கட்டோடு வீடு திரும்பினேன். வாசலில், பழக்க தோஷம், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு இடது கால் ஷூவைக் கழற்றக் குனிந்தேன். கதவைத் திறந்துகொண்டிருந்த ஜலஜா திரும்பிப் பார்த்தாள். அழுது அழுது அவள் கண்கள் சிவந்திருந்தன.

"நன்னாக் கழட்டுங்கோ. பண்பாட்டுக்குக் குடுக்க இன்னும் ஒம்பது விரல் இருக்கே."