வெள்ளாடு தின்ற சந்தனம்

"இது யாரு ஆடு?" என்று ரேஞ்சர் கேட்டதும் கர்ணன் வேலிப் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

கடமலைக்குண்டு நாற்றங்காலில் சந்தனக் கன்றுகளில் பாதியை மொட்டையடித்துவிட்டு, கிழிந்த காதை ஆட்டியபடி ஒரு வெள்ளாடு அவனையே பார்த்து நின்றது. அவன் வீட்டு ஆடேதான். அவன் தோளில் தூக்கி வளர்த்த குட்டி. பாழாய்ப்போனதற்கு இன்றைக்குத்தானா பசிக்க வேண்டும்!

கோயம்புத்தூர் பாரஸ்டு காலேஜில் காட்டைக் காக்கும் படிப்புக்கு அவன் பரீட்சை பாஸாகியிருந்தான். ரேஞ்சர் நல்லவிதமாக ஒரு வார்த்தை எழுதினால் இடம் நிச்சயம். அதற்காகவே முந்தின நாள் முழுக்க அல்லிநகரம் தையல்கடையில் காத்துக்கிடந்து, நடுச்சாமத்தில் வீடு திரும்பி, காலையில் புதுச்சட்டையோடு வந்து நின்றான். ரேஞ்சரும் ஒரு வார முகாம் முடிந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்திருந்தார்.

"தெரியலைங்கய்யா. மேகமலைப் பக்கமிருந்து வழி தப்பி வந்திருக்கும்."

"அப்ப இழுத்துட்டுப்போய் பட்டியில அடை" என்றார் ரேஞ்சர்.

வனக்காவலர் அம்மாவாசி இழுத்துப் பார்த்தார். ஆடு நாலு காலையும் ஊன்றிக்கொண்டது. மெல்ல நழுவிவிடலாம் என்று கர்ணன் இரண்டடி வைத்தான். உடனே அது துள்ளி வந்து அவனை உரசி நின்றது.

"உன் பின்னாடி ஏன்யா வருது?"

"பையில கடலை இருக்குங்கய்யா. அந்த வாசத்துக்கு..."

"அப்படியா? எனக்கும் கொஞ்சம் குடு."

கடலைக்கு எங்கே போவான்? காலிப்பையை அவன் துழாவிக்கொண்டிருக்கையில், ஆடு புதுச்சட்டையின் நுனியைக் கவ்வி மெல்ல ஆரம்பித்தது.

"ஏய் வெள்ளச்சி, சட்டைய விடுடி!"

நாக்கைக் கடித்துக்கொண்டு என்ன பிரயோசனம்?

"ஊரே தெரியாத ஆட்டுக்குப் பேரு மட்டும் தெரியுதோ?" ரேஞ்சர் பேனாவை மூடினார். "கேட்டுக்க. ஒரு ஆட்டை ஒழுங்கா கட்டத் தெரியாத வீட்டு ஆளு, காட்டைக் காக்க லாயக்கில்லை. அது எவனா இருந்தாலும் சரி!"

கர்ணன் கடித்துக் குதறப்பட்ட கன்றுகளைப் பார்த்தான். கோடை முழுக்க அவற்றுக்குத் தண்ணீர் சுமந்து ஊற்றியவனும் அவன்தான். பொய் சொன்னது போதும் என்று தோன்றியது. வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது.

"எங்க ஆடுதாங்கய்யா. பொய் சொல்லிட்டேன். எங்க ஆத்தா விடியுமுன்னயே தேனிச் சந்தைக்குப் போயிருச்சு, அதைக் கோவிச்சுக்கிறாதீக. படிப்பு போனாப் போகுது, கன்னுகளை நானே திரும்ப வச்சு வளத்துக் குடுத்துர்றேன்."

மூடிய பேனாவைத் திறப்பதா வேண்டாமா என்று ரேஞ்சரின் விரல்கள் யோசித்தன. "நல்ல பையன்தான். ஆனா நான் சொன்னா சொன்னதுதானே..." என்று இழுத்தார்.

அப்போது அவர் வீட்டுச் சமையல்காரி ராமுத்தாய், அறுந்த கயிறும் கையுமாக மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"நல்லவேளை, புடிச்சு வச்சிருக்கீகளா ஐயா! பிள்ளைக்குப் பால் வேணுமின்னு நம்ம வீட்டு அம்மா நேத்துத்தான் கர்ணன் ஆத்தாகிட்ட இதை வெலைக்கு வாங்குனாக, கட்டத் தெரியாம கட்டிப்புட்டாக!"