சுவருக்கு அந்தப் பக்கம் சங்கு அக்கா

ரகசியம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதாக நம்புகிறவர்கள் யாரும் சங்கு அக்காவுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்ததில்லை என்று அடித்துச் சொல்வேன். ராணுவ ரகசியமாகவே இருக்கட்டும். நந்திதுர்க் சுரங்கத்தை ஒட்டிய லைன் வீடு ஒன்றில் உட்கார்ந்து அதை நீங்கள் மனதுக்குள் நினைத்தாலே போதும், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா அதில் இருக்கும் தப்பைத் திருத்திச் சொல்வார்.

லைன் வீடு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கோலார் தங்க வயலில் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய வீடுகள் அவை. ரயில் பெட்டி போல ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும். எல்லா வீட்டுக்கும் ஒரே தகரக் கூரை. நடுச்சுவர் மட்டும் கூரையைத் தொடாது. ஆள் உயரத்துக்கு எழும்பி, இதற்கு மேல் எதற்கு என்று நின்றுவிடும். கட்டியவர்களுக்குக் காற்றோட்டத்தில் அக்கறையா, செங்கல்லில் கஞ்சத்தனமா என்பது இன்றுவரை தெரியவில்லை. இந்த வீட்டில் தாளித்தால் அந்த வீட்டில் தும்முவார்கள்.

சுரங்கம் மூடியபோது ஷிஃப்ட் மாறும்போது ஊதும் சங்கும் நின்றுபோனது. அந்தக் குறை தெரியாமல் ஊரைக் காப்பாற்றிய குரல் அக்காவுடையது. அதனால்தான் அந்தப் பெயர். உண்மைப் பெயர் அவருக்கும் வாக்காளர் அட்டைக்கும் மட்டும் தெரியும். தொழில், இட்லி மாவு அரைத்து விற்பது. கிரைண்டரை மீறிப் பேசிப் பேசியே தொண்டை அப்படி ஆகிவிட்டது என்பார்கள். எனக்கென்னவோ அக்காவை மீறி அரைத்துத்தான் கிரைண்டருக்கு அந்தச் சத்தம் வந்தது என்று தோன்றும்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதை பெருமையானது அல்ல. பக்கத்து ஆண்டர்சன்பேட்டையில் அப்பா ஒரு கடை நடத்தினார். நான் அதை நடத்தி மூடினேன். பிறகு மற்றவர்களைப் போல நானும் விடியற்காலை ரயிலில் தொங்கிக்கொண்டு பெங்களூர் கம்பெனிக்குப் போனேன். கம்பெனி முதலில், "நீங்கள் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம்" என்றது. கொஞ்ச நாள் கழித்து, "நீங்கள் வீட்டிலேயே இருக்கலாம்" என்றது. அப்போது கிடைத்ததுதான் சர்வே வேலை. குடும்பங்கள் வங்கியை எப்படிப் பயன்படுத்துகின்றன, வங்கியை விட்டால் வேறு எங்கே போகின்றன என்று வீடு வீடாகக் கேட்டு டேப்லட்டில் பதிய வேண்டும். சீட்டு, அடகுக்கடை, மகளிர் குழு, வாராவாரம் வாசலில் வந்து நிற்கும் ஃபைனான்ஸ் எல்லாம் அதில் உண்டு. என் கணக்கில் இருந்த தொகையைப் பார்த்து ஏடிஎம் மெஷினே ரசீது அடிக்கக் கூச்சப்படும். அப்படிப்பட்ட என்னைத்தான் ஊராரின் பணத்தைப் பற்றி விசாரிக்க அனுப்பினார்கள்.

எந்த வீட்டில் கேட்பது என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். அந்த லைனில் அது சில வீடுகளைப் பொறுக்கியது. அக்கா வீட்டை மட்டும் விட்டுவிட்டது. முதல் நாளே வாசலில் மறித்துக்கொண்டார்.

"இன்னா தம்பி, நீ ஆண்டர்சன்பேட்டை கடைக்காரரு புள்ளதானே? எல்லாரையும் கேக்கற, என்னை ஏன் கேக்கல?"

"நான் இல்லக்கா, கம்ப்யூட்டர் எடுத்துக் குடுத்த வீடுங்க."

"அதுக்கு இன்னா தெரியும்? அது எங்க லைனுக்கு வந்துகீதா?"

கம்ப்யூட்டர் சார்பில் நான் மன்னிப்புக் கேட்டேன். அது ஏற்கப்படவில்லை. தன்னைக் கேட்காதவர்களுக்கு அக்கா கொடுத்த தண்டனை, கேட்கப்பட்ட எல்லோருக்கும் தானே பதில் சொல்வது.

ஒரு வீட்டில் பெரியவர் ஒருவரிடம், "வங்கிக் கணக்கு இருக்கிறதா?" என்று கேட்டேன். அவர் தாடையைத் தடவி முடிப்பதற்குள் சுவர் பதில் சொன்னது. "கீது! பாஸ்புக்கை அரிசி டப்பாவுல வெச்சி எலி கடிச்சிட்ச்சு!" பெரியவர் தலையாட்டினார். "நகை அடகு வைத்ததுண்டா?" என்று இன்னொரு அம்மாளைக் கேட்டேன். "வெச்சா, மூட்டா, மறுபடியும் வெச்சா. இப்போ மூட்டுட்டா. எழுதிக்கோ!" அந்த அம்மாள் என்னைப் பார்த்து, "ஆமா சார், அப்படித்தான்" என்றார். வேலை சீக்கிரம் முடிந்தது என்னவோ உண்மை.

பேட்டிகள் டேப்லட்டில் ஒலிப்பதிவாகிப் பெங்களூரில் இருக்கும் சூப்பர்வைசருக்குப் போகும். அவர் அன்று மாலையே கூப்பிட்டார்.

"சார், எல்லா வீட்லயும் ஒரே லேடி பேசறாங்களே, யார் அது?"

"பேக்ரவுண்ட் சத்தம் சார்."

"அந்தச் சத்தத்தோட போன் நம்பர் கிடைக்குமா? நம்ம ஸ்டாஃபை விட க்ளியரா சொல்லுது."

ஆனால் ஒரு விஷயத்தை நான் கவனித்தேன். அக்கா சீட்டு நடத்துகிறார் என்பது லைன் முழுக்கத் தெரியும். அதில் யார் யார் இருக்கிறார்கள், யார் எடுத்தார்கள் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. "சீட்டுப் போடுகிறீர்களா?" என்ற கேள்வி வந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் கிரைண்டர் தானாகச் சத்தம் கூட்டிக்கொள்ளும். அடுத்த கேள்வி வரும்வரை அக்கா வாயே திறக்க மாட்டார். ஊரே கேட்கும் சங்குக்கு ஊதத் தெரியாத ஒரே ஒரு இடம் அதுதான்.

அக்கா வீட்டை ஒட்டினாற்போல் அடுத்த வீடு மெர்சியுடையது. புருஷன் தாஸ் பெங்களூரில் செக்யூரிட்டி. மகள் ஷீபா பி.காம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். தாஸ் நல்ல மனிதர். ஆனால் "ஒண்ணுக்கு ரெண்டு" என்று யாராவது சொல்லிவிட்டால் கண் கலங்கிவிடும். அப்போது ஒரு நண்பன் காளான் பண்ணை என்று சொல்லி அவரைக் கலங்கடித்துக்கொண்டிருந்தான். வீட்டில் ஒரு ரூபாய் கண்ணில் பட்டாலும் அது காளானுக்குப் போய்விடும்.

ஷீபாவின் கஷ்டம் வேறு. முன்பு ஒரு வேலைக்கு ஆன்லைனில் இன்டர்வியூ நடந்தது. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார்கள். இவள் தொண்டையைச் செருமுவதற்குள் சுவர் முந்திக்கொண்டது. "ஸ்கூல் ஃபர்ஸ்டுன்னு சொல்லுடி! அப்படியே சம்பளம் எவ்ளோன்னு கேளு!" அதோடு அந்த வேலை போனது. இப்போது இன்னொரு கம்பெனி அழைத்திருந்தது. வீட்டிலிருந்தே போனில் பேசும் வேலை. ஒரே ஒரு நிபந்தனை, அமைதியான அறை வேண்டும். இல்லையென்றால் தினமும் பெங்களூர் ஆபீஸுக்கு வர வேண்டும். ரயிலில் போகவர ஆகும் நேரத்தை நினைத்தாலே அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்தது.

நான் மெர்சியைப் பேட்டி காணப் போனது தாஸின் லீவு நாளில். சில கேள்விகளைத் தனியாகத்தான் கேட்க வேண்டும் என்பது விதி. தாஸ் நகர்வதாக இல்லை. சர்வே முடிந்ததும் கடன் தருவார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். கடைசியில் நான் ஒரு தந்திரம் செய்தேன். பஜ்ஜி சாப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று என்று பெருமூச்சு விட்டேன். தாஸ் விருந்தோம்பலில் குறை வைக்காதவர், சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

நான் கேள்வியை வாசித்தேன். கடைக்காரன் மகன், எனக்கும் சன்னமாகப் பேச வராது. "வீட்டில் உள்ள மற்றவர்களுக்குத் தெரியாமல் நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் பணம் ஏதாவது உண்டா?"

மெர்சி வாசலைப் பார்த்தாள். மெல்லத் தலையாட்ட ஆரம்பித்தாள். அதே நேரம் வாசலில் தாஸ் நின்றார். பஜ்ஜி கடை அன்று மூடியிருந்ததாம். என் ராசி அப்படி.

"இன்னா பணம்? யாருக்குத் தெரியாம?"

மெர்சியின் தலை பாதி ஆட்டத்தில் நின்றது. நான் டேப்லட்டைப் பார்த்தேன். அதில் "ஆம்", "இல்லை", "பதிலளிக்க மறுத்தார்" என்று மூன்று வழி இருந்தது. தப்பி ஓட வழி எதுவும் இல்லை.

"உன்னைத்தான் கேக்கறேன் மெர்சி. பணம் கீதா?"

அப்போதுதான் கவனித்தேன், கிரைண்டர் நின்றிருந்தது. கிரைண்டர் நின்றால் அக்கா கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று பொருள். சொல்லிவிடாதே தாயே என்று மனதுக்குள் கும்பிட்டேன்.

"கீது!" என்றது சுவர். "நல்லா எழுதிக்கோ தம்பி, கீது!"

மெர்சி கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒளிச்சி வெச்சிகினு கீறது அவ இல்ல, அவன்! ரயில்ல தொலைஞ்சி போச்சுன்னு சொன்னான் பாரு மாமனாரு போட்ட மோதிரம், அது எங்கன்னு கேளு!"

"அக்கா! சும்மா இருக்கா!" என்று அலறினார் தாஸ்.

"நான் இன்னாத்துக்கு சும்மா இருக்கணும்? ஹெல்மெட்டுல மோதிரம் விழுந்தா டங்குன்னு கேக்காதா எனக்கு? நானு செவிடா?"

சுவரில் ஆணியில் தாஸின் அப்பாவுடைய பழைய சுரங்க ஹெல்மெட் தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. தாஸ் மட்டும் பார்த்தார். அவ்வளவுதான், மெர்சி எழுந்து போய் ஹெல்மெட்டைக் கவிழ்த்தாள். மோதிரம் தரையில் விழுந்து உருண்டு என் கால் அருகே வந்து நின்றது.

"காளானுக்கா?" என்றாள் மெர்சி.

"விக்கலாமா வேணாமான்னு யோசிச்சிகினு இருந்தேன் மெர்சி..."

"எங்க அப்பா ஷாஃப்ட்டுல எறங்கி சம்பாரிச்சது. காளானு வளக்க போறியா அதுல?"

தாஸ் தான் கேட்ட கேள்வி என்ன என்பதையே மறந்துவிட்டார். பஜ்ஜி வேறு கடையில் கிடைக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியேறினார். அந்த வேகத்தில் போனால் பங்காரப்பேட்டை ஜங்ஷன் வரை நிற்க மாட்டார் என்று தோன்றியது. அவர் தலை மறைந்ததும் மெர்சி தரையில் உட்கார்ந்து மூச்சு விட்டாள். நானும் விட்டேன். சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு மூச்சு கேட்டது. கிரைண்டர் மறுபடி ஓட ஆரம்பித்தது.

அதற்கப்புறம்தான் மெர்சி என் காதருகே குனிந்து, ஈ பறக்கும் சத்தத்தைவிடச் சன்னமாகச் சொன்னாள்.

"சீட்டு எடுத்துட்டேன் சார். பணம் அக்காகிட்டயே கீது. பேங்குல போட்டா மெசேஜ் அவரு போனுக்குத்தான் போவுது."

"நல்ல விஷயம்தானே. எதுக்குச் சேத்தீங்க?"

மெர்சி சுவரைப் பார்த்தாள். குரலை இன்னும் இறக்கினாள். "இந்த செவுத்தைக் கூரை வரைக்கும் மூடறதுக்கு சார். புள்ளைக்கு அந்த வேலை கிடைக்கணும்னா வேற வழி இல்ல. அக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாது. மனசு ஒடைஞ்சிடும்."

கிரைண்டர் நின்றது.

"அடியே மெர்சி," என்றது சுவர், வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாழ்ந்த குரலில். "சிமெண்டு இப்போ வாங்காத. மழைல கட்டியாயிடும். ஞாயித்துக்கிழமை தாண்டி வாங்கு. கொத்தனாரு நான் சொல்றேன், உன் புருஷன் சொல்ற ஆளு வேணாம்."

மெர்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று டேப்லட்டில் கேள்வி இல்லை, எனவே நான் பதியவில்லை. ஆனால் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. "பேட்டியின்போது வேறு யாராவது உடனிருந்தார்களா?" கணவர், மாமியார், குழந்தைகள் என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். சுவர் இல்லை. நான் "யாரும் இல்லை" என்று தட்டிவிட்டு வெளியே வந்தேன். தன் வாயையே அடைக்கப் போகும் பணத்தைத் தன் வாயாலேயே காப்பாற்றிய ஒரு மனுஷியை எந்தக் கட்டத்தில் பதிவது?

சில மாதம் கழித்து இரண்டாம் சுற்றுக்கு அதே வீடுகளுக்குப் போனேன். மெர்சி வீட்டில் சுவரைக் கூரை வரை எழுப்பிப் பூசி வெள்ளையும் அடித்தாகிவிட்டது. மூலையில் ஷீபா காதில் ஹெட்போனோடு உட்கார்ந்து யாரோ ஒரு கஸ்டமரை ஆங்கிலத்தில் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். அவள் ரயில் ஏற வேண்டியிருக்கவில்லை. மோதிரம் தாஸ் விரலில் இருந்தது. காளான் நண்பன் ஊரிலேயே இல்லையாம். எனக்கு அப்பாடா என்று இருந்தது. கேள்விகளை நிம்மதியாகக் கேட்டேன், மெர்சி நிம்மதியாகப் பதில் சொன்னாள். என்ன, ஒவ்வொரு பதிலும் உப்பில்லாமல் இருந்தது.

மேலே பார்த்தேன். கூரையை ஒட்டி ஒரு கல் அளவுக்குச் சதுரமாக ஓட்டை. அதில் ஒரு தலையணை திணித்திருந்தது.

"அது ஏன் தாஸ் அப்படி விட்டுட்டீங்க?"

"கல்லு பத்தல சார்," என்றார் தாஸ், தரையைப் பார்த்துக்கொண்டு.

வரும்போது வாசலில் பார்த்தேனே, மிச்சக் கல் ஒரு குவியலாகக் கிடந்தது. அதன்மேல் பூனை தூங்கிக்கொண்டிருந்தது. மெர்சி கொடுத்த டீயைக் குடித்தேன். இன்னொன்று கொடுத்தாள், அதையும் குடித்தேன்.

ஷீபா வேலை முடிந்து ஹெட்போனைக் கழற்றியதுதான் தாமதம், தாஸ் ஸ்டூல் மேல் ஏறித் தலையணையை உருவினார். "அக்கா, மணி இன்னா?" என்றார். கையில் மொபைல் இருந்தது. எதிர்ச் சுவரில் கடிகாரமும் ஓடிக்கொண்டிருந்தது.

"மணி கெடக்கட்டும். யாரு வந்துகீறது, ஆண்டர்சன்பேட்டை புள்ளையா? தம்பி, கம்ப்யூட்டரு இப்பவாச்சும் என் வூட்டைச் சொல்லிச்சா?"

"இல்லக்கா."

"சொல்லாது, அதுக்கு புத்தி கெடையாது. இவங்க உனுக்கு டீ குடுத்தாங்களா இல்லியா?"

மெர்சி என் முன்னால் இருந்த இரண்டு காலித் தம்ளர்களையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இன்னும் இல்லக்கா," என்றேன்.