ஒரு ஊக்கும் ரெண்டு ரெக்கையும்

ராயபுரம்,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து

கடற்படை சப் லெப்டினன்ட் மெர்லின் அவர்கள் சமூகத்துக்கு,

உன் அப்பா சவரிநாதன் மரியாதையோடு எழுதிக்கொள்வது. பெத்த பொண்ணுக்கு 'அவர்கள்' போடுவதா என்று பேனாவைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதிகாரி ஆகிவிட்டாய், போட்டாச்சு. இங்கே நான் நலம். மாதா புண்ணியத்தில் நீயும் அரக்கோணத்தில் எங்கேயும் இடிக்காமல் ஹெலிகாப்டர் ஓட்டிக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதுகிறேனே என்று நினைக்காதே. போனில் நீ "சாப்ட்டியாப்பா" என்று கேட்டதுமே நான் குழம்புக் கதையை ஆரம்பித்துவிடுகிறேன், சொல்ல வந்தது விட்டுப்போகிறது.

விஷயம் என்னவென்றால், உன் விழாவுக்கு என்னால் வர முடியாது. கோபப்படாமல் மேலே படி.

போன மாதம் நீ பேசினபோது, "பயிற்சி முடியுதுப்பா, விங்ஸ் குடுக்கிறாங்க, வீட்டுலேர்ந்து வந்து நெஞ்சுல குத்தலாம், யார் யார் வர்றீங்கன்னு சொல்லு" என்றாய். விங்ஸ் என்றால் ரெக்கை, ரெக்கை என்றால் ரெண்டு, இதுகூடவா எனக்குத் தெரியாது? அப்பா ஒன்று குத்த, அம்மா ஒன்று குத்த. உன் அம்மா கல்லறைக்குப் போய் மூணு வருஷம் ஆகிறது, அப்போ ரெண்டாவது ரெக்கைக்கு ஆள் யார்? துறைமுகத்தில் கிரேன் ஓட்டின காலத்தில் தலைக்கு மேல் இரும்பு தொங்கினபோதுகூட நான் இப்படித் தவித்ததில்லை. நெட்டுக்குப்பம் போய் உன் அத்தை வியாகுலம்மாளைக் கூப்பிட்டேன். அக்கா மீன் ஆய்ந்துகொண்டே, "குத்துறதுன்னா காது குத்துற மாரிதானே? தாய்மாமன் இல்லாம இன்னாடா குத்து? மொதல்ல நெல்சனாண்ட போய் சொல்லு, அப்பால நான் வரேன்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள். இது சட்டையில் குத்துவது, சதையில் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "ஊசின்னா ஊசிதான், போடா" என்றாள்.

சரியென்று சாத்தாங்காட்டுக்குப் போனேன். உன் மாமா நெல்சன் இரும்புக்கடையில் தகடு வெட்டிக்கொண்டிருந்தான். சொன்னதும் கண் கலங்கிவிட்டான், தன் அக்கா, உன் அம்மா மேல் அவனுக்கு அவ்வளவு பாசம். "தாய்மாமன் சீரு நான் செய்யாம வேற எவன் செய்வான் மாமா? நீ கம்முனு வூட்டுக்குப் போ" என்றான். நானும் கம்முனு வந்துவிட்டேன், அதுதான் தப்பு. அடுத்த வாரமே மீன்பாடி வண்டியில் ரெண்டு ரெக்கை வந்து இறங்கியது. எவர்சில்வர் தகடு, ஒவ்வொன்றும் நம் வீட்டுக் கதவு உயரம், நடுவில் வைக்க ஒரு நங்கூரம் வேறு. இதை எப்படிப்பா நெஞ்சில் குத்துவது என்று கேட்டால், "குத்த வாணாம் மாமா, பின்னாடி நிக்கவெச்சி போட்டோ புடிச்சிக்கலாம்" என்கிறான். வைக்க இடமில்லாமல் உன் அம்மா படத்துக்கு இந்தப்பக்கம் ஒன்றும் அந்தப்பக்கம் ஒன்றுமாகச் சாத்தியிருக்கிறேன். தெரு ஜனம் நம் வீட்டுக்கு வானத்திலிருந்து சம்மனசு இறங்கி வந்திருப்பதாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது.

அதோடு விட்டிருக்கலாம். பேனர் வைத்தே ஆகணும் என்று நெல்சன் ஒத்தைக் காலில் நின்றதால், பேனர் அச்சடிக்கிற யாசின் கடையில் சொன்னேன். அவன் உன் படத்துக்குக் கீழே ஏதோ ஒரு ரெக்கையைப் போட்டு அச்சடித்துவிட்டான், பார்த்தால் விமானப்படையுடையது. துறைமுகத்துக்காரன் பொண்ணு ரெக்கையில் நங்கூரம் இல்லாமலா என்று ஒரு சத்தம் போட்டேன். பாவம், அவன் விமானப்படை, தரைப்படை, கடற்படை என்று எல்லா ரெக்கையையும் கம்ப்யூட்டரில் வரிசையாகக் காட்டினான். அதில் ஒன்று ஒத்தை ரெக்கை. இந்தப் பக்கம் இருக்கிறது, அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை.

"இன்னாடா இது, பாதியக் காணோம்?"

"அது அப்படித்தான் நைனா. அந்தக் காலத்துல பிளேன்ல குந்திக்கினு வழி பாத்து சொல்றவருக்கு இதான். ஓட்றவருக்குத்தான் ரெண்டு. உன் பொண்ணுக்கு இத்தப் பாரு, ரெண்டு ரெக்கையும் நங்கூரத்தோட ஒட்டிக்கினு ஒரே பீஸு. ஒரு ஆளு குத்துனா போதும். நீ எதுக்கு ஊரு பூரா ஆளு தேடிக்கினு கீற?"

எனக்கு அப்பாடா என்றுதானே இருக்க வேண்டும்? இல்லைம்மா. ஆள் தேடுகிற சாக்கில் நாலு வீட்டுப் படி ஏறினேன், டீ குடித்தேன், வாய் வலிக்கப் பேசினேன். இனி அந்த வேலையும் இல்லை. அந்த ஒத்தை ரெக்கைதான் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது, எனக்கென்றே செய்தது மாதிரி.

இப்போ அத்தையும் மாமாவும் துணி இஸ்திரி போட்டுவைத்துக்கொண்டு ரெடியாக இருக்கிறார்கள். ரெக்கை ஒன்றுதான் என்று சொன்னால் யார் குத்துவது என்று உன் பெரிய அதிகாரிகள் முன்னாலேயே சண்டை வரும், உனக்குத்தான் அசிங்கம். அதனால் அவர்கள் ரெண்டு பேருமே வரட்டும், அத்தை குத்தட்டும், மாமா போட்டோ பிடிக்கட்டும். அம்மா நிற்க வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் அங்கே நிற்க முடியாது. என்னைப் பற்றிக் கவலையே வேண்டாம், வீட்டில் எந்நேரமும் ஆளும் பேருமாக ஜேஜேன்னு இருக்கு.

உன் நெற்றியில் சிலுவை போட்டு இந்தக் காகிதத்தை மடிக்கிறேன். நீ ஏறின உயரத்திலிருந்து பத்திரமாகத் தரைக்கு இறக்கிவிட வேண்டியது மாதா பொறுப்பு.

இப்படிக்கு
உன் அப்பா
சவரிநாதன்

பி.கு.: உறையை ஒட்டப் போனவன் நிறுத்திட்டேன். மேலே எழுதினதையெல்லாம் விட்டுடும்மா. வீட்டுல ஜேஜேன்னு ஒருத்தரும் இல்லை, நானும் நெல்சன் தகடும்தான். மாடிக்கு மேலே எந்த ஹெலிகாப்டர் போனாலும் நீயோன்னு ஓடிப்போய்க் கை காட்டறேன். அம்மா வளையல்ல ஒரு ஊக்கு மாட்டியிருப்பாளே, அதை எடுத்து, ஆணியில மாட்டின என் சட்டையில ஒரு வாரமா குத்திப் பழகறேன். ஒரு கையால குத்தினா துணி நழுவுது. இன்னொரு கை துணியைத் தூக்கிப் பிடிச்சாத்தான் ஊக்கு ஏறுது. நீ சின்னப்புள்ளையா பள்ளிக்கூடம் போறப்போ, ஊசி உன்மேல படாம அம்மா அப்படித்தான் கைக்குட்டை குத்துவா. யாசினுக்கு இன்னா தெரியும்? ரெக்கை ஒண்ணா இருந்தாலும் குத்த ரெண்டு கை வேணும். நான் வரேன். குத்துற கை என்னுது. உன்மேல படாம துணியைத் தூக்கிப் பிடிக்கிற கை அம்மாவோடது.