காலேஜ் பார்க்கும் அப்பா

பி.யு.சி., அதாவது நம் ஊர் பிளஸ் டூ, ரிசல்ட் வந்ததும் பெங்களூரில் ஓர் இனம் வெளியே கிளம்பும். அதற்கு ‘காலேஜ் பார்க்கும் அப்பா’ என்று பெயர் வைத்திருக்கிறேன். நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். தோளில் ஒரு பை, பைக்குள் தண்ணீர் பாட்டில், சட்டைப் பையில் இரண்டு பேனா, கையில் நாற்பது பக்க நோட்டு, மூன்றடி பின்னால் வாய் பேசாமல் வருகிற ஒரு பெண்ணோ பையனோ. இவர்களில் யாருக்குக் காலேஜ் என்று குழம்பவே வேண்டாம். யார் முகத்தில் உற்சாகம் இருக்கிறதோ அவர் படிக்கப் போவதில்லை.

இந்த இனத்தின் முதல் குணம், அது காலேஜ் ஆபீஸை நம்பாது. வாட்ச்மேனை மட்டுமே நம்பும். “ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவன் சம்பளத்துக்கு நல்லதாத்தான் சொல்வான் சார். வாட்ச்மேன் பொய் சொல்ல மாட்டான்” என்பது அதன் வேதவாக்கு. வாட்ச்மேனுக்கும் அதே இடத்திலிருந்துதானே சம்பளம் வருகிறது என்று கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டேன். நான்கு நாள் என்னோடு பேச்சே இல்லை.

பேசாமல் இருந்தவர் என் மாடிவீட்டுக்காரர் சந்திரசேகரன். ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து பொம்மனஹள்ளிக்கு வந்து பதினேழு வருடம் ஆகிறது. ஓர் ஐ.டி. கட்டடத்தில் ஃபெசிலிட்டி சூப்பர்வைசர். லிஃப்ட் ஓடுகிறதா, குழாய் ஒழுகுகிறதா, தீயணைக்கும் சிலிண்டருக்குத் தேதி முடிந்துவிட்டதா என்று நாளெல்லாம் பார்க்கிற வேலை. வீட்டுக்கு வந்தாலும் கண் ஓயாது. என் வீட்டுக் குளியலறைக் குழாய் சொட்டுவதை அவர் மாடியில் இருந்துகொண்டே கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார்.

அவருடைய ஒரே மகள் அனுஷா. அவளுக்குப் புள்ளியியல் படிக்க ஆசை. சும்மா சொல்லிக்கொள்கிற ஆசை இல்லை. ஸ்டாப்புக்கு வருகிற பஸ்கள் எந்தக் கிழமையில் எத்தனை நிமிஷம் தாமதம் என்று இரண்டு மாதம் குறித்துவைத்து, அப்பா டூட்டிக்குக் கிளம்பவேண்டிய நேரத்தைக் கணக்குப் போட்டுக் கொடுத்தவள். அதிலிருந்து அவர் ஒருநாள்கூட லேட்டாகப் போனதில்லை. ஜெயநகர்ப் பக்கம் ஒரு காலேஜில் அந்தப் பாடம் நன்றாக நடக்கிறது என்று அவளுடைய கணக்கு மிஸ் வீணா சொல்லியிருந்தார். அங்கே ஒரு விண்ணப்பம் போட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

அவர் அந்தக் காலேஜையும் பார்க்கத்தான் போனார். ஞாயிற்றுக்கிழமை போனார். அவருக்கு அன்றுதான் லீவு. வாட்ச்மேன், “திங்கக்கெழம வந்து ஆபீஸ்ல கேளுங்க” என்று சொல்லி கேட்டைச் சாத்திவிட்டார். சந்திரசேகரன் அங்கேயே நின்று நோட்டில் அந்தப் பெயரை அடித்தார். வாட்ச்மேனே வாயைத் திறக்காத இடத்தில் வாத்தியார் என்ன சொல்லிக்கொடுப்பார்?

மற்ற காலேஜ்களையும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து மனைவி உஷாவிடம் மலைத்துப்போய்ச் சொல்வார், “என்னா டிசிப்ளின் தெரியுமா? அவ்ளோ பெரிய கேம்பஸ்ல ஒரு சத்தம் இல்ல!” உஷா இஞ்சியை நசுக்கிக்கொண்டே, “ஞாயித்துக்கெழம எங்க கம்பெனியிலயும் சத்தம் இருக்காது” என்பார். அந்தப் பதில் நோட்டில் ஏறாது. நோட்டில் ஏறுவது குழாயில் தண்ணீர் வேகம், காம்பவுண்டு சுவரின் உயரம், பஸ் ஸ்டாப்பிலிருந்து எத்தனை அடி, கேன்டீன் பூட்டியிருந்தால் பூட்டின் தரம். நூலகம்? பார்த்தார். ஜன்னல் வழியாக மின்விசிறிகளை எண்ணினார்.

பன்னிரண்டாவது காலேஜ் யெலஹங்காவையும் தாண்டி இருந்தது. நாங்கள் கிளம்பிய அந்த ஞாயிறுதான் ஜெயநகர்க் காலேஜில் விண்ணப்பம் போடக் கடைசி நாள். நாங்கள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், “கண்ணு நாலா இருந்தா நல்லது சார்” என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பஸ்ஸில் அனுஷா மெதுவாக ஆரம்பித்தாள்.

“அப்பா, இன்னிக்கு சாயந்திரம் அஞ்சு மணிக்கு க்ளோஸ் ஆயிடும். எல்லாம் ஃபில் பண்ணிட்டேன். பேரன்ட் நம்பருக்கு ஓடிபி வரும். அத சொன்னா போதும்.”

“பாக்காத எடத்துக்கு எப்டிம்மா ஓடிபி குடுக்கிறது? யாருக்கும் குடுக்காதீங்கன்னு பேங்க்லயே சொல்றான்.”

“நான் உங்க பொண்ணுப்பா.”

“அதுக்காக ரூல் மாறுமா?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காலேஜ் கேட்டில் இருந்த வாட்ச்மேன் கிருஷ்ணகிரிக்காரர். போதாதா? ஊர், பேர், உறவு, அங்கே இந்த வருஷம் மாங்காய் விளைச்சல் எல்லாம் முடிந்து உள்ளே விட்டார். “இன்னிக்கு ரஜா சார், புள்ளைங்க யாரும் இல்ல” என்று அவர் சொல்லச் சொல்ல, சந்திரசேகரன் ‘அமைதி: மிக நன்று’ என்று எழுதிக்கொண்டார்.

பிறகு முக்கியமான சடங்கு. பெண்கள் கழிப்பறைக்குள் அவர் போக முடியாதல்லவா? மகளுடைய போனில் கேமரா உடைந்திருந்ததால், ஒவ்வொரு காலேஜிலும் தன்னுடைய போனைத் திறந்து அவள் கையில் கொடுத்து அனுப்புவார். அவள் குழாய், தாழ்ப்பாள், தரை மூன்றையும் படம் எடுத்து வருவாள். அன்றைக்கும் கொடுத்தார். மணி நாலே கால். அனுஷா அப்பாவின் போனை வாங்கினாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். தன்னுடைய போனையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? “சந்திரசேகர், இங்க தொட்டியில எவ்வளவு தண்ணி நிக்கும்னு வாட்ச்மேனைக் கேட்டீங்களா?” என்றேன். அவர் முகம் மலர்ந்ததே, அதைப் பார்க்க வேண்டும்! தொட்டியின் மூடியைத் திறக்க வைத்தார். மோட்டாரைப் போட வைத்தார். மாடிக்குப் போகிற குழாயின் விட்டத்தை விரலால் அளந்தார். இருபது நிமிஷம் கழித்து அனுஷா வந்து போனைத் திருப்பிக் கொடுத்தபோது, ஏன் இவ்வளவு நேரம் என்றுகூட அவர் கேட்கவில்லை. “தாழ்ப்பா நல்லாருக்குதா?” என்றார்.

“ரொம்ப நல்லாருக்குதுப்பா” என்றாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவரிடம் நோட்டை வாங்கிப் புரட்டியவள் திடீரென்று சிரித்துவிட்டாள். “அப்பா, பன்னெண்டு காலேஜுக்கும் பத்துக்கு ஏழு போட்டிருக்கீங்க.”

“ஏழுன்னா நல்ல மார்க்குதானே?”

“எல்லாத்துக்கும் ஏழுன்னா எதுல சேர்றது?”

அவர் நோட்டை வாங்கி மூடினார். பிறகு என் பக்கம் குனிந்து, “நான் ஐ.டி.ஐ.யோட வேலைக்கு வந்துட்டேன் சார். காலேஜுன்னா உள்ள என்ன பாக்கணும்னே எனக்குத் தெரியாது. தப்பான எடத்துல சேத்துட்டா?” என்றார். அதுவரை அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த எனக்குச் சுருக்கென்றது. தெரிந்த குழாயையும் தாழ்ப்பாளையும் பிடித்துக்கொண்டு மனிதர் அத்தனை வாரமும் பயத்திலேயே சுற்றியிருக்கிறார். பார்த்துக்கொண்டே இருக்கிறவரைக்கும் முடிவு செய்ய வேண்டியதில்லை. பாவம். பாவம்தான், ஆனால் கடைசித் தேதி யாருக்காகவும் காத்திருக்காதே!

மூன்று வாரம் கழித்து அவர் போனுக்கு மெசேஜ் வந்தது. ஜெயநகர்க் காலேஜில் அனுஷாவுக்குப் புள்ளியியல் சீட். என்னையும் மேலே கூப்பிட்டார்கள். அவர் நாற்காலியில் போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

“யாரு அப்ளை பண்ணது?”

“நான்தாம்பா. அன்னிக்கு உங்க போன்ல.”

என் பெயர் வருமோ என்று நான் கதவுப் பக்கம் ஓர் அடி நகர்ந்தேன். வரவில்லை. நல்ல பெண். உஷா கரண்டியோடு சமையலறை வாசலுக்கு வந்தார். சந்திரசேகரன் மெசேஜை இன்னொரு தடவை படித்தார். கோபப்படுவார் என்று நினைத்தோம். அவர் போனை மடியில் வைத்தார்.

“அங்க உள்ள எப்டியிருக்கும்னே எனக்குத் தெரியாதேம்மா.”

“நான் தினமும் போகப்போறேன்ல. பாத்துட்டு வந்து உங்களுக்குச் சொல்றேம்பா.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆகட்டும் என்று தலையை ஆட்டினார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் மனசைத் தொட்டுச் சொல்லுங்கள்: ‘அது எந்தக் காலேஜ், ஒரே பஸ்ஸில் போகலாமா, சுற்றுவட்டாரம் எப்படி?’ என்று படிக்கும்போதே உங்களுக்குள் ஒரு கேள்வி எழுந்ததா இல்லையா? எழுந்திருந்தால், உங்கள் வீட்டிலும் யாரோ உங்கள் போனில் வரும் ஓடிபிக்காகக் காத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். போனுக்குப் பூட்டு மட்டும் போட்டு வைக்காதீர்கள்.