கிளியோபஸ் டால்பர்ட் ரோட்ல யாருமே குடியில்ல

உலகத்துலயே சுத்தமான வாக்காளர் பட்டியல் எதுன்னு கேட்டா, அமெரிக்காவோட தென்பக்கம் இருக்கற மார்லோ கவுண்டியோடது, அதாவது மார்லோ ஜில்லாவோடதுதான். அதுல தூசி தும்பு கிடையாது. சில சமயம் ஆளும் கிடையாது.

அப்பேர்ப்பட்ட கவுண்டியில பொறந்தது வெர்லீன் செஞ்ச புண்ணியம். அவங்க அப்பா கிளியோபஸ் டால்பர்ட், கறுப்பருக்கும் ஓட்டு வேணும்னு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தஞ்சுல கோர்ட்டு வாசல்ல நின்னவரு. போலீஸ் நாய் கெண்டைக்காலைக் கடிச்சுது. பதினோரு நாள் ஜெயிலு. கவுண்டி அதை மறக்கல. அறுபது வருஷம் ‘தீவிரமா ஆலோசிச்சு’, இந்த ஏப்ரல்ல வெர்லீன் குடியிருக்கற ஓல்டு மில் ரோட்டுக்கு அவரு பேரையே வச்சுட்டாங்க. தேர்தல் அதிகாரி ஹாலிஸ் ரிப்பன் வெட்டி, வெர்லீனைக் கட்டிப்பிடிச்சு அழுதாரு. எல்லாருக்கும் பீச் பழம் வச்சுச் சுட்ட இனிப்பு குடுத்தாங்க.

நவம்பர்ல ஓட்டு. ஊரு டயாலிசிஸ் ஆஸ்பத்திரிய மூடலாமா, வேணாமான்னு. வெர்லீன் வீட்டுக்காரரு ஓடிஸ் வாரத்துல மூணு நாள் அங்கதான் படுத்துக் கெடக்கணும். அதை விட்டா அடுத்தது எழுபது மைலு.

ஓட்டுச்சாவடில வெர்லீன் பேரு இல்ல. போட்ட சீட்டைக் கவர்ல வச்சு ஒட்டிட்டு, “மூணு நாள்ல விலாசத்தை நிரூபிங்க, அப்பதான் பிரிப்போம்”னாங்க. மறுநாள் காலைல வெர்லீன் ஹாலிஸ் ஆபீஸ்ல போய் நின்னாங்க.

“மிஸ் வெர்லீன், உங்க பதிவு ஓல்டு மில் ரோட்ல இருக்கு. அப்படி ஒரு ரோடே கவுண்டியில இல்லையே.”

“பேரை மாத்துனதே நீங்கதானே ஹாலிஸ்!”

“பெருமையான நாளு அது! அப்புறம் பழைய விலாசத்துக்குக் கார்டு போட்டோம். திரும்பி வந்துருச்சு. சரி, நீங்க இல்லன்னு முடிவு பண்ணிட்டோம்.”

“கரண்டு பில்லு மட்டும் ஒழுங்கா வருதே எனக்கு?”

“அதுல ரோட்டுக்குப் புதுப் பேரு. அடையாளத்துக்குக் காட்டுற உங்க டிரைவிங் லைசென்ஸ்ல பழைய பேரு. ரெண்டும் ஒத்துப்போகணும்ல?”

“லைசென்ஸ் மாத்த எத்தனை நாளு?”

“ஆறு வாரம்.”

“எனக்கு இருக்கறது?”

“ரெண்டு நாளு.” ஹாலிஸ் பாசமா சிரிச்சாரு. “பாரபட்சமே கிடையாதும்மா. உங்க ரோட்ல முப்பத்தோரு பேரையும் ஒரே மாதிரிதான் நீக்கியிருக்கோம்.”

வெர்லீன் செவுத்துல மாட்டியிருந்த ரிப்பன் வெட்டுற போட்டோவைக் காட்டுனாங்க. “இதுல நீங்க யாரைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுவுறீங்க?”

ஹாலிஸ் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நல்லா உத்துப் பாத்தாரு. “சந்தேகமே இல்ல, நீங்கதான். ஆனா பின்னாடி பலகைல புதுப் பேருல்ல இருக்கு?”

வெள்ளிக்கிழமை ரிசல்ட்டு வந்துச்சு. பதினாலு ஓட்டு வித்தியாசத்துல ஆஸ்பத்திரிய மூடறதா முடிவு. முப்பத்தோரு கவரும் ஒட்டுனது ஒட்டுனபடி பத்திரமா இருந்துச்சு.

ஆஸ்பத்திரிய மூடுன மறுவாரம், எழுபது மைலு போறதுக்கு ஓடிஸைக் கார்ல ஏத்துனாங்க வெர்லீன். ரோட்டு முனைல பலகை பளபளன்னு நின்னுச்சு.

“உங்கப்பன் பேரை நல்லாப் பெருசாத்தான் எழுதியிருக்கானுங்கடி,” ஓடிஸ் வம்புக்கிழுத்தாரு.

“ஆமா,” வெர்லீன் கியரை மாத்துனாங்க. “பாவம், அன்னிக்கு அவரு ஓட்டைத் தடுக்க நாயெல்லாம் புடிச்சிட்டு வந்து சிரமப்பட்டானுங்க. இன்னிக்கு அவரு பேரே போதுமாயிருச்சு.”